பெரிபெரியும் புழுங்கலரிசியும்

‘மனக்கவலை பலக்குறைவு’ என்பது தமிழர் வாயில் நெடுங்காலமாக வழங்கும் பழமொழி. உள்ளத்தில் கவலை புகுந்தால் உடல் தளர்ந்துபோகும் என்பது அதன் பொருள். இக்கால மருத்துவமும் இதனை மறுக்கவில்லை. 1936ஆம் ஆண்டில் கனடாவின் மொன்றியால் நகரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஹான்ஸ் செலியே என்பார், பலவகைத் துன்பங்களுக்கு உள்ளாக்கப்பட்ட எலிகளின் உள்ளுறுப்புகள் ஏறக்குறைய ஒரே விதமாகக் கெடுவதைக் கண்டு எழுதினார். துன்பம் குளிராயினும் காயமாயினும் ஓயாத உழைப்பாயினும் வயிற்றில் புண் உண்டாயிற்று. சில சுரப்பிகள் பெருத்தன, சில சுருங்கின. அதுமுதல் மன அழுத்தத்துக்கும் உடல் நோய்க்கும் உள்ள தொடர்பு பெரியதோர் ஆராய்ச்சித் துறையாக வளர்ந்துவிட்டது.

ஆயினும் இப்பழமொழியைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டிய இடமும் உண்டு. பலக்குறைவு முன்னே வர, மனக்கவலை பின்னே வருவதும் உண்டன்றோ? உடலில் ஏதோ ஒன்று குறைகிறது. அக்குறை நரம்பைத் தாக்குகிறது. நரம்பின் வழியே மூளையையும் தாக்குகிறது. மனிதனின் நடை மாறுகிறது, பேச்சு மாறுகிறது, குணமும் மாறுகிறது. உள்ளே நடப்பது தெரியாத அயலார் அவனைச் சோம்பேறி என்பர். மனம் உடைந்தவன் என்பர். ஊர் ஒத்துக்கொள்ளவில்லை என்பர். இத்தகைய பிழையான தீர்ப்புகளுக்கு இடந்தந்த ஒரு நோயும், அத்தீர்ப்புகள் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்ட கதையும் மலாயா வரலாற்றில் உள்ளன. அக்கதையின் முக்கியமான பகுதி நெகிரி செம்பிலானில் நடந்தது. தமிழரின் சோற்றுப்பானைக்கும் அதில் பங்கு உண்டு.

முடியாது, முடியாது

நோயின் பெயர் பெரிபெரி. இச்சொல் சிங்கள மொழியிலிருந்து வந்தது என்பர் பலர். இயலாமையைக் குறிக்கும் சொல்லை இருமுறை அடுக்கிச் சொல்லும்போது ‘முடியாது, முடியாது’ என்னும் பொருள் கிடைக்கிறது. வேறு சிலர் மலாய் மொழியில் செம்மறியாட்டைக் குறிக்கும் ‘பிரி பிரி’யோடு இதனை இணைப்பர். 17ஆம் நூற்றாண்டில் பத்தாவியாவில் மருத்துவராயிருந்த போன்டியஸ் என்னும் டச்சுக்காரர், இந்நோயாளர் முழங்கால் தள்ளாடிக் காலைத் தூக்கி வைத்து நடப்பது ஆட்டின் நடையை ஒத்திருத்தலால் இப்பெயர் வந்தது என்று விளக்கம் கூறினார். சொல்லாராய்ச்சியில் எது வென்றாலும் சரி, நோயின் உருவத்தை இரண்டும் நன்றாகவே காட்டுகின்றன.

நோய் ஆரவாரமின்றித் தொடங்கும். பசி குறையும். வேலையில் மனம் செல்லாது. சிறு சொல்லுக்கும் எரிச்சல் வரும். பிறகு பாதத்தில் மரமரப்பு, கெண்டைக்காலில் வலி, குந்தி உட்கார்ந்தவர் கையூன்றாமல் எழ முடியாமை. சிலருக்கு இதனோடு நின்று கால்கள் சூம்பிப்போகும். இதனை உலர்ந்த பெரிபெரி என்பர். வேறு சிலருக்குக் கால் வீங்கும், வயிறு வீங்கும், மூச்சு முட்டும். இது நீர்ப் பெரிபெரி. பின்னது இதயத்தைப் பற்றுவது. காலையில் பேசிக்கொண்டிருந்தவர் மாலையில் இறந்துபோவதும் உண்டு.

முதற்கட்டத்தில் வெளியே காணத்தக்க அடையாளம் எதுவும் இராது என்பதைக் கவனிக்க வேண்டும். காய்ச்சல் இல்லை, புண் இல்லை, வீக்கம் இல்லை. ஆளுக்கு வேலை செய்ய மனமில்லை என்பது மட்டுமே தெரியும். ஈயச் சுரங்கத்திலும் சாலை வேலையிலும் அன்றாடக் கூலிக்கு உழைத்தவன் இந்நிலையில் என்ன பெயர் வாங்கியிருப்பான் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கடற்காற்று வைத்தியம்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மலாய் மாநிலங்களின் ஆசுபத்திரிகளை நிரப்பிய நோய்களில் பெரிபெரி முன்வரிசையில் நின்றது. சுரங்கத்துச் சீனத் தொழிலாளரிடையே அது பெருங்கொள்ளையாக இருந்தது. சிறைச்சாலை, மனநோயாளர் விடுதி, கப்பல், படைவீரர் குடியிருப்பு ஆகிய இடங்களிலும் அது அடிக்கடி தோன்றிற்று. மனிதர் நெருக்கமாக அடைபட்டு, மனச்சோர்வோடு வாழும் இடங்களையே அது தேடி வருவதுபோல் தோன்றியதால், மருத்துவர் பலர் நெருக்கடியையும் ஈரமண்ணையும் கெட்ட காற்றையும் களைப்பையும் காரணமாகக் கூறினர். கிருமி நூல் புதிதாகப் புகழ்பெற்றிருந்த காலமாதலால், கண்ணுக்குத் தெரியாத கிருமி ஒன்று கட்டடங்களில் குடிகொண்டிருக்கிறது என்று வாதாடியோரும் உண்டு. 1900இல் கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. அதன் தொடக்கக் காலத் தலைவராயிருந்த ஹாமில்டன் ரைட் இக்கிருமிக் கொள்கையை வலியுறுத்தி 1902இல் எழுதினார்.

இடமே நோய்க்குக் காரணம் என்றால் இடமாற்றமே மருந்தாகும். சி ரூசாவுக்குச் சில கல் தொலைவிலுள்ள போர்ட்டிக்சன் கடற்கரையில் பெரிபெரி நோயாளருக்கென்றே ஓர் ஆசுபத்திரி இருந்ததன் காரணம் இதுவே. இன்று விடுமுறை நாட்களில் மக்கள் குளிக்க வருகின்ற அக்கரைக்கு, அந்நாளில் நடக்க முடியாதவர்களைக் கடற்காற்று வாங்குவதற்காகக் கொண்டுவந்தனர். அவர்களுள் தேறியவரும் உண்டு. தேறியதைக் கண்ட மருத்துவர்கள் காற்றைப் போற்றினர். இடம் மாறும்போது சாப்பாடும் மாறக்கூடுமே என்பதைப் பெரும்பாலோர் எண்ணிப் பார்க்கவில்லை.

அதனை எண்ணிப் பார்த்தவர் சிரம்பானில் இருந்தார்.

மூன்று பானைகள்

வில்லியம் லெனார்ட் பிராடன் நெகிரி செம்பிலான் மாநிலத்தின் தலைமை மருத்துவர். நோயாளிகளின் பெயர்ப் பட்டியலைப் பார்த்தபோது அவர் கண்ணில் பட்டது, அதில் இடம்பெற்றவர்களைக் காட்டிலும் இடம்பெறாதவர்களே. சீனர் கூட்டங்கூட்டமாக விழுந்தனர். அதே ஊரில், அதே மழையில், அதைவிடப் பல வகையில் மோசமான லயங்களில் வாழ்ந்த தமிழருக்கு இந்நோய் அரிதாக இருந்தது. கம்பத்து மலாய்க்காரருக்கும் அரிது. ஈரமண்ணும் நெருக்கடியும் காரணமாயின் தமிழரை விட்டுவைத்தது எது? கூலிவேலையின் துன்பமும் ஊரைப் பிரிந்த ஏக்கமும் காரணமாயின் தமிழருக்கு அவற்றில் என்ன குறை?

பிராடன் மூவர் பானைகளையும் பார்த்தார். மூவரும் உண்டது சோறுதான். ஆனால் அரிசி வேறு. சீனர் உண்டது சயாமிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் ஆலையில் தீட்டப்பட்டு வந்த வெள்ளைப் பச்சரிசி. மலாய்க்காரர் தம் வயலில் விளைந்த நெல்லைத் தேவைக்கேற்ப அவ்வப்போது உரலில் குற்றி உண்டனர். தமிழர் உண்டது புழுங்கலரிசி. இம்மூன்றையும் ஒப்பிட்டு, பெரிபெரிக்குக் காரணம் வெள்ளையரிசியே என்னும் முடிவுக்கு அவர் வந்தார். பல ஆண்டுகள் இதற்காக வாதாடி, 1907இல் பெரிபெரியின் காரணத்தையும் தடுப்பையும் பற்றிய பெருநூல் ஒன்றையும் வெளியிட்டார்.

பிராடனின் விளக்கத்தில் பாதி பிழை. தீட்டிய அரிசி மூட்டையில் பழசாகிப் பூஞ்சை பிடித்து நஞ்சாகிறது என்றும், புழுக்கும்போது அந்நஞ்சுக்கு இடமில்லாமல் போகிறது என்றும் அவர் கருதினார். நஞ்சு ஒன்றும் இல்லை. இருக்க வேண்டியது ஒன்று இல்லாமற்போனதே நோய். காரணத்தைத் தவறாகச் சொல்லிக் குற்றவாளியைச் சரியாகப் பிடித்துக் கொடுத்தவர் என்று அவரைச் சொல்லலாம். மருத்துவ வரலாற்றில் இது புதிதன்று.

தமிழரின் முன்னோர் உயிர்ச்சத்தை அறிந்தே நெல்லைப் புழுக்கினர் என்று பெருமை பேசுவோர் இன்றும் உளர். அது தேவையற்ற பெருமை. ஊறவைத்து அவித்துக் காயவைத்த நெல் குற்றும்போது எளிதில் உமி கழலும், அரிசி நொறுங்காது, பூச்சி அவ்வளவாக அண்டாது. புழுக்கியதற்கு இக்காரணங்களே போதும். அதன் வாடை பிடிக்காதென்று பிற இனத்தார் ஒதுக்கினர். தமிழர் வீடுகளிலும் பூசைக்கும் பொங்கலுக்கும் பச்சரிசியே மேலானது. புழுங்கல் அன்றாடச் சோற்றுக்குரியது. பெருமைக்குரியதாக எவரும் கருதாத அரிசிதான் நரம்பைக் காத்தது. அதனோடு உண்ட பருப்பும் பயறும் துணைசெய்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெரிபெரிக்குத் தப்பிய தமிழர் நலமாக வாழ்ந்தனர் என்றும் கொள்ளலாகாது. மலேரியாக் காய்ச்சல் அவர்களைத் தோட்டந்தோறும் கொன்றுகொண்டிருந்தது.

சாவாவின் கோழிகள்

கடலுக்கு அப்பால் சாவாத் தீவிலும் இதே கேள்வி எழுந்திருந்தது. பத்தாவியா இராணுவ ஆசுபத்திரியில் கிறிஸ்தியான் எய்க்மான் வளர்த்த கோழிகள் 1889இல் திடீரெனக் கால் முடங்கி விழுந்தன. சில மாதங்களில் தாமே தேறின. விசாரித்தபோது செய்தி வெளிவந்தது. ஆசுபத்திரிச் சமையற்கட்டில் மிஞ்சிய வெள்ளையரிசிச் சோற்றைச் சிறிது காலம் கோழிகளுக்குப் போட்டிருக்கின்றனர். புதிதாக வந்த சமையற்காரர், படைவீரரின் அரிசியைச் சாதாரணக் கோழிகளுக்குத் தரமாட்டேன் என்று மறுத்துவிட, மீண்டும் மலிவான தவிட்டரிசி போடப்பட்டது, கோழிகள் பிழைத்தன. அந்தச் சமையற்காரரின் கண்டிப்பு ஒரு நோபல் பரிசுக்கு வித்திட்டது எனல் மிகையன்று. எய்க்மான் 1929இல் அப்பரிசைப் பெற்றார்.

அவருடைய நண்பர் வோர்டர்மான் சாவாவின் சிறைச்சாலைகளைச் சுற்றிக் கணக்கெடுத்து 1897இல் வெளியிட்டார். தீட்டிய அரிசி வழங்கிய சிறைகளில் 39 பேருக்கு ஒருவர் பெரிபெரியில் விழுந்தனர். தவிட்டோடு கூடிய அரிசி வழங்கிய சிறைகளில் பத்தாயிரம் பேருக்கு ஒருவர்தான். 1901இல் கிரைன்ஸ் என்பார், அரிசியின் மேற்தோலில் நரம்புக்கு வேண்டிய ஏதோ ஒரு பொருள் உண்டு, அது குறைவதே நோய் என்று துணிந்து கூறினார். மறு ஆண்டில் பொய்த்தன்சோர்க் மனநோயாளர் விடுதியில் ஹுல்ஷோப் போல் என்னும் மருத்துவர், பாசிப்பயறு சேர்த்து உண்ட நோயாளருக்குப் பெரிபெரி வருவதில்லை என்று காட்டினார். இவையெல்லாம் டச்சு மொழியில் கிடந்தன. மலாயாவின் ஆங்கில மருத்துவர்கள் பெரும்பாலும் தம் வழியே போய்க்கொண்டிருந்தனர்.

எண்ணிட்டு நிறுத்தப்பட்டவர்கள்

1905இல் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் பெரிபெரி கடுமையாகப் பரவிற்று. அரிசிக் கொள்கையைச் சோதித்துப் பார்க்க மாவட்ட மருத்துவரான வில்லியம் பிளெச்சர் முற்பட்டார். அவ்வாண்டு டிசம்பரில் நோயாளர் அனைவரையும் வரிசையாக நிறுத்தி எண்ணிட்டனர். ஒற்றைப்படை எண் பெற்றோர் ஒரு பகுதிக்கும் இரட்டைப்படை எண் பெற்றோர் மற்றொரு பகுதிக்கும் அனுப்பப்பட்டனர். ஒரு பகுதிக்கு வெள்ளைச் சயாமரிசி. மற்றொரு பகுதிக்கு இந்தியப் புழுங்கலரிசி. ஏனைய உணவும் இடமும் வேலையும் ஏறக்குறைய ஒன்றே. கட்டடத்தில்தான் குற்றம் என்று சொல்வார்க்கு விடையாக, இடையில் இரு கூட்டத்தாரையும் இடம் மாற்றிக் குடியேற்றினர்.

1906ஆம் ஆண்டு முடிந்தபோது கணக்குப் பார்க்கப்பட்டது. வெள்ளையரிசி உண்ட 120 பேரில் 43 பேருக்குப் பெரிபெரி கண்டது; 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் இருவருக்கு மட்டுமே நோய் இருந்தது. அவ்விருவரும் விடுதிக்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள். இறந்தவர் ஒருவருமிலர். அரிசியில் நஞ்சு இருக்கிறதா, சத்துக் குறைவா என்னும் கேள்வியைப் பிளெச்சர் முடிக்காமல் திறந்தே விட்டார்.

ஆராய்ச்சி முறை என்ற வகையில் இதனைப் பின்வந்தோர் மிகவும் பாராட்டினர். காலத்தால் முந்திய ஒப்பீட்டுச் சோதனைகளில் இதுவும் ஒன்றாக எண்ணப்படுகிறது. ஆயினும் அந்தப் பதினெண்மரை நினைக்காமல் இப்பாராட்டை எழுதிவிட முடியாது. வரிசையில் நிறுத்தப்பட்டவர்கள் தம்மை எதற்காக எண்ணுகிறார்கள் என்று கேட்கும் நிலையில் இல்லாதவர்கள். மறுக்கவும் அவர்களால் இயலாது. ஒரு பகுதியில் ஒருவர்பின் ஒருவராகக் கால் வீங்குவதும் மறுபகுதியில் எவருக்கும் ஒன்றுமில்லாதிருப்பதும் ஆண்டு முடியுமுன்பே தெரிந்திருக்கும். வெள்ளையரிசிதான் அந்நாளில் விடுதியின் வழக்கமான உணவு, புதிதாகத் தீங்கு எதுவும் செய்யப்படவில்லை என்று பிளெச்சருக்காக வாதாடலாம். அவ்வாதம் ஓரளவுக்கே செல்லும். இக்காலத்தில் எந்த மருத்துவக் குழுவும் இத்தகைய சோதனைக்கு இசைவு தராது.

டுரியான் திப்புஸ் காட்டில்

மனநோயாளரிடம் கண்ட முடிவு நலமுள்ள உழைப்பாளிக்கும் பொருந்துமா? இதனை அறிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேசர், தாமஸ் ஸ்டான்டன் ஆகிய இருவரும் 1907இல் தேர்ந்தெடுத்த இடம் நெகிரி செம்பிலானின் ஜெலுபு மாவட்டத்துக் காடு. டுரியான் திப்புஸ் அருகில் சாலை போடுவதற்காக ஒப்பந்தத்தில் வந்திருந்த சாவாத் தொழிலாளர் ஏறத்தாழ 300 பேர் அங்கே இருந்தனர். முன்பு மனிதர் குடியிருந்திராத காடாதலால், பழைய கட்டடத்துக் கிருமி என்னும் பேச்சுக்கு இடமில்லை. குடிசைகள் புதியவை, ஆட்களும் நலமுள்ளவர்கள் என்று பார்த்து எடுக்கப்பட்டவர்கள்.

இரு கூட்டமாகப் பிரித்து, தொலைவில் தனித்தனியே குடியமர்த்தி, ஒரு கூட்டத்துக்கு வெள்ளையரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் கொடுத்தனர். ஏறத்தாழ மூன்று மாதத்தில் வெள்ளையரிசிக் கூட்டத்தில் பெரிபெரி தலைகாட்டிற்று. புழுங்கலரிசிக் கூட்டத்தில் ஒன்றுமில்லை. கோலாலம்பூர்ச் சோதனைக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. நோய் கண்டதும் வெள்ளையரிசியை நிறுத்திப் புழுங்கலரிசியைக் கொடுத்தனர். புதிய நோயாளர் தோன்றுவது நின்றது. பிறகு புழுங்கலரிசிக் கூட்டத்துக்கு வெள்ளையரிசி கொடுத்துப் பார்த்தனர். இதுகாறும் நலமாயிருந்தவர்களிடையே அதே கால அளவில் நோய் தோன்றிற்று. நோயாளரோடு கலந்து வாழ்ந்த புழுங்கலரிசிக்காரர் எவருக்கும் அது தொற்றவில்லை.

1909இல் வெளிவந்த இவ்வறிக்கையோடு தொற்றுநோய்க் கொள்கை பெரிதும் ஓய்ந்தது. பிரேசரும் ஸ்டான்டனும் அங்கே நிற்காமல், தீட்டும்போது கழிக்கப்படும் தவிட்டை வெள்ளையரிசியோடு கோழிகளுக்குக் கொடுத்து அவற்றை நோயினின்று காத்தனர். நஞ்சன்று, குறைவே காரணம் என்பது மலாயாவிலும் உறுதியாயிற்று. 1910இல் மணிலாவில் கூடிய கீழ்த்திசை வெப்பநாட்டு மருத்துவ மாநாடு, வெள்ளையரிசியை இடையறாது உண்பதற்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பை ஏற்றுத் தீர்மானம் செய்தது. 1912இல் இலண்டனில் காசிமிர் பங்க் என்பார் இத்தகைய பொருள்களுக்கு ‘வைட்டமின்’ என்று பெயரிட்டார். 1926இல் பத்தாவியாவில் யான்சன், டோனாத் இருவரும் தவிட்டிலிருந்து அப்பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். இன்று அதற்குத் தையமின் என்றும் பி1 உயிர்ச்சத்து என்றும் பெயர்.

சுருங்கச் சொன்னால் அதன் தொழில் இது. சோறு உடலில் சர்க்கரையாகிறது. அச்சர்க்கரையை எரித்து ஆற்றலாக்கும் வேலையில் தையமின் கட்டாயம் கைகொடுக்க வேண்டும். சர்க்கரையையே பெரிதும் நம்பி வாழும் உறுப்பு மூளை. உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே இருந்தும், உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கை அது தனக்கென எடுத்துக்கொள்கிறது. ஆகவே தையமின் குறையும்போது முதலில் தடுமாறுவன நரம்பும் மூளையும் இதயமும். ஒரு நாளைக்கு வேண்டுவது ஒரு மில்லிகிராமுக்குச் சற்றே மிகுதி. உடலின் கையிருப்பும் ஏறத்தாழ 30 மில்லிகிராமே. வரத்து நின்றால் சில வாரங்களில் கையிருப்பு கரைந்துவிடும். நெல்லில் இச்சத்து பெரும்பாலும் முளையிலும் மேற்தோலிலும் இருக்கிறது. ஆலை அதனைத் தவிடாகக் கழிக்கிறது. நெல்லாகவே ஊறவைத்து அவிக்கும்போதோ, நீரில் கரையும் இச்சத்து மணியின் உட்புறத்துக்கு இறங்கி ஒட்டிக்கொள்கிறது. பிறகு தீட்டினாலும் முழுதும் போவதில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. சோறு மிகுந்தால் தையமின் தேவையும் மிகும். 1914இல் பிராடனே கூப்பர் என்பாரோடு சேர்ந்து, வெள்ளையரிசி உண்ணும் பறவைகளுக்கு மாவுப்பொருளைக் கூட்டக் கூட்ட நோய் விரைந்து வருவதைக் காட்டினார். கடும் உழைப்பும் காய்ச்சலும் தேவையை மேலும் கூட்டும். வயிறு நிறையச் சோறுண்டு வெயிலில் மண்வெட்டும் வலிய ஆள் முதலில் விழுந்ததன் மருமம் இதுவே. கவலைக்கும் இங்கே இடமுண்டு. மனச்சோர்வு பசியைக் கெடுக்கிறது, குடியைத் தேடச் செய்கிறது. குடி தையமினைக் குடல் உறிஞ்சுவதைத் தடுக்கிறது. தையமின் குறைவு மேலும் பசியைக் கெடுத்து மேலும் மனச்சோர்வைத் தருகிறது. செக்குமாடுபோல் சுற்றும் இவ்வட்டத்தில் எங்கே கவலை முடிந்து எங்கே பலக்குறைவு தொடங்குகிறது என்று பிரிப்பது எளிதன்று.

குணம் மாறியதன் காரணம்

தையமின் குறைவு குணத்தையே மாற்றும் என்பதற்குச் சான்று பின்னர்க் கிடைத்தது. 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் சிலருக்குத் தையமின் குறைந்த உணவை மாதக்கணக்கில் கொடுத்துக் கவனித்தனர். கால் மரத்துப்போவதற்கு நெடுநாள் முன்பே அவர்கள் எரிச்சல் கொண்டனர், சண்டையிட்டனர், மறதிக்கு ஆளாயினர், வேலையில் ஊக்கம் இழந்தனர். தையமினைத் திருப்பிக் கொடுத்தவுடன் பழைய குணம் மீண்டது. அறிவுரையோ தண்டனையோ தேவைப்படவில்லை. ஜெலுபுக் காட்டிலும் சிரம்பான் சுரங்கத்திலும் ‘மனமில்லாதவன்’ என்று பெயர் வாங்கியவர்களை இச்செய்தி நினைவூட்டாமற் போகாது.

மூளையே நேராகத் தாக்கப்படும் நிலையும் உண்டு. கண்கள் நிலைகொள்ளாமல் ஆடும், நடை தள்ளாடும், அறிவு குழம்பும். 1881இல் கார்ல் வெர்னிக்கே என்னும் செர்மானியர் இதனை விவரித்தார். அதனை ஒட்டி வரும் நினைவிழப்பை ருசிய மருத்துவர் கோர்சகாப் சில ஆண்டுகளில் எழுதினார். நினைவு அறுந்த இடத்தை நோயாளி தன்னையறியாமல் கற்பனையால் நிரப்புவார். போகாத ஊருக்குப் போனதாகச் சொல்வார். கேட்பவர் அதனைப் பொய் என்பர். பெருங்குடியரிடம் இது மிகுதியாகக் காணப்பட்டதால் சாராயத்தின் நஞ்சே காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. சம்சுக்கு அடிமையாகிச் சோற்றை மறந்த ஆளைப் பற்றி ‘குடிகாரன் பேச்சு’ என்று தள்ளிவிடுவது எங்கும் உள்ள வழக்கம்.

குடி இல்லாமலும் இது வரும் என்பது சிங்கப்பூரில் தெரிந்தது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. சப்பானியரிடம் சிறைப்பட்ட பிரிட்டிஷ் படையினர் ஒரே நாளில் ரொட்டியும் இறைச்சியும் விட்டு வெள்ளையரிசிச் சோற்றுக்கு மாற்றப்பட்டனர். சில வாரங்களிலேயே பெரிபெரி தொடங்கிற்று. வயிற்றுப்போக்கால் மெலிந்தவர்களிடம் மூளை நோயாகவும் வெளிப்பட்டது. சாராயத்தைக் கண்ணாலும் காணாத கைதிகள் இவர்கள். வாந்தி எடுத்தனர்; அஞ்சினர்; பின் எதிலும் பற்றில்லாமல் கிடந்தனர். ஹியூ டி வார்டனர், லெனாக்ஸ் என்னும் இரு மருத்துவர்கள் இத்தகைய 52 பேரைப் பற்றிக் குறிப்பெழுதினர். கையிலிருந்த சிறிதளவு தையமின் மருந்தை ஊசியில் ஏற்றியபோது, ஓரிரு நாளில் கண் ஆட்டம் நின்று அறிவு தெளிந்தவர்கள் உண்டு. மருந்து தீர்ந்த பிறகு வந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

டி வார்டனர் பிறகு சயாம் இரயில்பாதைப் பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். குறிப்புகள் தகரப் பெட்டியில் அடைக்கப்பட்டு ஒரு கல்லறையில் புதைத்து மறைக்கப்பட்டன. போர் முடிந்தபின் தோண்டி எடுக்கப்பட்டு, 1947இல் இலண்டனின் ‘லான்செட்’ மருத்துவ இதழில் கட்டுரையாக வெளிவந்தன.

அதே ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களுக்கு வெளிநாட்டரிசி வருவது ஏறக்குறைய நின்றுபோயிற்று. புழுங்கலரிசிப் பானையில் மரவள்ளிக்கிழங்கு வெந்தது. கிழங்கு வயிற்றை நிரப்பும். ஆனால் அதில் தையமின் மிகக் குறைவு. பருப்பும் கிடைக்கவில்லை. முப்பது நாற்பது ஆண்டுகளாகப் பெரிபெரிக்குத் தப்பியவர்கள் என்று மருத்துவ ஏடுகள் எடுத்துக்காட்டிய தமிழரின் லயங்களிலும் அப்போது கால்கள் வீங்கின. ஆறாத புண்கள் தோன்றின. சயாமுக்கு ஆள் பிடிக்கப்பட்ட குடும்பங்களில் எஞ்சியிருந்த பெண்களும் பிள்ளைகளும் கிழங்கைத் தின்று பால்மரம் வெட்டப் போயினர், அல்லது கிழங்கு நடப் போயினர். அவர்களில் யாருக்குக் கால் மட்டும் தளர்ந்தது, யாருக்கு நினைவும் தளர்ந்தது என்பதை, சிங்கப்பூரின் 52 பேருக்கு எழுதியதுபோல் பக்கத்தில் அமர்ந்து எழுதிவைத்த மருத்துவர் இல்லை.